ஒட்டிய இரும்பு ஆறும்போது ஏன் கோணுகிறது?

வீட்டில் வெல்டிங் பழகத் தொடங்கும் ஒருவருக்கு முதற்சில கிழமைகளில் வரும் சிரமங்கள் பெரும்பாலும் கையைப் பற்றியவை. ரொட் எனப்படும் வெல்டிங் குச்சி இரும்பில் ஒட்டிக்கொள்வதும், பொக்ஸ் பார் எனப்படும் உள்ளே வெறுமையான மெல்லிய சதுரக் குழாயில் ஓட்டை விழுவதும், வெல்ட் வரி நேராக வராமல் அலைவதும் கை பழகப் பழகக் குறைந்துவிடும். ஆனால் கை நன்றாகப் பழகிய பின்னரும் ஒரு சிக்கல் மீதமிருக்கும். மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து ஒட்டிய சட்டம், ஆறிய பின் பார்த்தால் மூலை விலகி நிற்கும். மேசையின் நான்கு கால்களில் மூன்று மட்டுமே தரையைத் தொடும். பெட்டிக்குச் செய்த மூடி பெட்டியில் உட்காராது. அளந்ததில் பிழை, வெட்டியதில் பிழை, வாங்கிய இரும்பிலேயே பிழை என்று பழகுபவர் ஒவ்வொன்றாகச் சந்தேகித்துக் களைத்துப்போவார்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டின் பக்கவழிக்கு ஒரு சிறிய கேற் செய்தபோது எனக்கும் அதுதான் நேர்ந்தது. 900 மில்லிமீற்றர் அகலமும் 1.8 மீற்றர் உயரமும் கொண்ட சட்டத்தை நிலத்தில் கிடத்தி, மூலைகளைச் சரிபார்த்து ஒட்டியிருந்தேன். அதுவரை எல்லாம் நேராகவே இருந்தன. பிறகு நிமிர்ந்த சட்டத்தின் வெளிப்பக்கத்தில் மூன்று பிணைச்சல்களை வைத்து, உறுதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றித் தடிப்பாக ஒட்டினேன். ஆறிய பின் நூல் பிடித்துப் பார்த்தால் அந்த நிமிர் சட்டம் வில்லைப் போல் வளைந்து, மேற்பிணைச்சலுக்கும் கீழ்ப்பிணைச்சலுக்கும் நடுவிலிருந்த பிணைச்சல் 4 மில்லிமீற்றர் உள்வாங்கி நின்றது. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இல்லாத கேற் எப்படித் திறக்கும்? தெமட்டகொடையில் சிறு வேலைத்தளம் வைத்திருந்த ஒரு முதியவரிடம் போய்ச் சொன்னேன். அவரை நாங்கள் பாஸ் என்றே அழைப்போம். கேற்றை வந்து பார்க்காமலே அவர், “தம்பி, எந்தப் பக்கம் ஒட்டினீரோ அந்தப் பக்கந்தான் இழுக்கும்” என்றார். அவர் சொன்ன அந்த ஒரு விதியின் காரணத்தை விளங்கிக்கொண்டால், பொழுதுபோக்காக இரும்புவேலை செய்பவர் சந்திக்கும் கோணல்களில் பெரும்பகுதியை ஒட்டுவதற்கு முன்னரே கணித்துவிடலாம் என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

சூடேறினால் இரும்பு விரியும் என்பதும் ஆறினால் சுருங்கும் என்பதும் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்தவை. ஆனால் அந்தப் பாடம் மட்டும் கோணலை விளக்காது. கரையோர ரயில் பாதையின் தண்டவாளம் நண்பகலில் சூடேறி விரிகிறது, இரவில் ஆறிச் சுருங்குகிறது. விரிந்த அளவுக்கே சுருங்குவதால் மறுநாள் விடியும்போது பழைய நீளத்துக்கே வந்துவிடுகிறது. வெல்டிங் செய்த இரும்பும் அப்படியே திரும்பியிருந்தால் கோணலுக்கு இடமே இல்லை. அது திரும்பி வராததற்குக் காரணம், தண்டவாளம் முழுவதும் ஒன்றாகச் சூடேறுகிறது, ஒட்டும் இரும்பிலோ ஒரு விரலகலப் பட்டைதான் சூடேறுகிறது என்பதாகும். சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அந்தப் பட்டையை விரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

இதை ஒரு கற்பனையால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கொஞ்சமும் அசையாத இரண்டு கற்சுவர்களுக்கிடையே ஓர் இரும்புக் கம்பியை இடைவெளி இன்றிச் செருகி, அதன் நடுப்பகுதியைச் செக்கச் சிவக்கச் சூடாக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கம்பி நீள முயலும், சுவர்கள் இடங்கொடா. சிவந்த இரும்பு மெழுகு போல் இளகியிருப்பதால், நீளவேண்டிய அளவெல்லாம் நடுப்பகுதியிலேயே அமுங்கிச் சற்றுத் தடித்துவிடும். இப்போது கம்பியை ஆறவிட்டால் அது சுருங்கத் தொடங்கும். சுருங்குவதைத் தடுப்பார் யாரும் இல்லை. முற்றாக ஆறியதும் கம்பி சுவர்களுக்கிடையே நிற்காமல் கீழே விழும், ஏனெனில் அது முன்பிருந்ததைவிடக் குட்டையாகிவிட்டது. விரியும்போது தடை, சுருங்கும்போது தடையின்மை என்ற இந்த ஏற்றத்தாழ்வே கோணலின் வேர். கம்பியின் இரு முனைகளும் சுவர்களோடு ஒட்டப்பட்டிருந்தால் அது கீழே விழாது. அதற்குப் பதிலாக இரு சுவர்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். வெல்ட் வரி செய்வது இதைத்தான். அதன் இருபுறமும் உள்ள இரும்பே அதற்குச் சுவர்.

அந்த இழுப்பின் வலிமையை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். மாட்டு வண்டிலின் மரச்சில்லுக்கு இரும்பு வளையம் ஏற்றும்போது, வளையத்தைச் சில்லின் சுற்றளவைவிடச் சற்றுச் சிறிதாகச் செய்து, நெருப்பில் இட்டு விரியவைத்து, சூட்டோடு மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆறிச் சுருங்கும் வளையம் ஆணியோ பசையோ இல்லாமல் மரத்துண்டுகள் அனைத்தையும் நெறுநெறுவென்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கொல்லர் வேண்டி விரும்பிப் பயன்படுத்திய அதே சுருக்கம், நாம் வேண்டாமலே ஒவ்வொரு வெல்ட் வரியிலும் நிகழ்கிறது.

எவ்வளவு சூடு போதும் என்று கேட்டால், விடை வியப்பைத் தரும். நாம் வழக்கமாக ஒட்டும் இரும்பான மென்னுருக்கு (மைல்ட் ஸ்டீல்), 1 மீற்றர் நீளத்துக்கு, 100 பாகை செல்சியஸ் வெப்பநிலை உயர்வில் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் விரியும். அதே உருக்கை அழுத்தி அல்லது இழுத்து, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் எல்லையும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஆகவே முழுவதும் தடுக்கப்பட்ட இரும்பில், சுற்றியுள்ள வெப்பநிலையைவிட 100 பாகை மட்டுமே கூடினாலும் நிரந்தரமாக அமுங்கத் தொடங்கும் நிலைக்கு அது வந்துவிடுகிறது. வெல்ட் வரியில் இரும்பு உருகும் வெப்பநிலையோ 1,500 பாகையை அண்டியது. 600 பாகையிலேயே உருக்கின் வலிமை பாதிக்கும் கீழாக இறங்கிவிடுவதால், வரியை ஒட்டிய பட்டை எதிர்ப்பே இல்லாமல் அமுங்கிக்கொடுக்கிறது. எனவே சுருக்கம் வராமல் ஒட்டுவது எவராலும் முடியாது. எங்கே, எந்தத் திசையில், எவ்வளவு வரவேண்டும் என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்க முடியும்.

சுருக்கம் ஒன்றுதான் என்றாலும், பொருளின் வடிவத்தைப் பொறுத்து அது வெவ்வேறு முகங்காட்டும். இரண்டு தட்டையான தகடுகளின் விளிம்புகளைச் சரித்து, பள்ளத்தை மேலிருந்து நிரப்பி ஒட்டும்போது, பள்ளம் மேலே அகலமாகவும் அடியில் ஒடுங்கியும் இருக்கும். அகலமான மேற்பகுதியில் உருகிய இரும்பு அதிகம், சுருக்கமும் அதிகம், அடிப்பகுதியில் குறைவு. அதனால் இரு தகடுகளும் விரித்த புத்தகம் மூடுவதுபோல் மேல்நோக்கி மடியும். ஒரு தகட்டின்மேல் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால், நின்ற தகடு ஒட்டிய பக்கம் சாயும். 1 பாகைச் சாய்வு சிறிதென்று தோன்றலாம். 600 மில்லிமீற்றர் உயரமான மேசைக் காலில் அது நுனியில் 10 மில்லிமீற்றருக்கும் சற்று அதிகமாகிவிடும். நீண்ட பாரின் ஒரு முகத்தில் மட்டும் வெல்ட் வரிகள் இருந்தால் அந்த முகம் குட்டையாகி, பார் அந்தப் பக்கம் குழிந்து வில்லாகும். என் கேற்றின் பிணைச்சல்கள் செய்தது இதுதான்.

மெல்லிய தகட்டில் வேறொன்று நடக்கும். சட்டைத் துணியில் நூலை இறுக்கி இழுத்துத் தைத்தால், தையல் ஓடிய கோடு குட்டையாகி, இருபுறமும் உள்ள துணி மிஞ்சி நெளிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1 மில்லிமீற்றர் தகட்டைக் கேற் சட்டத்தில் வைத்துச் சுற்றிலும் இடைவிடாமல் ஒட்டினால், ஓரங்கள் எல்லாம் குட்டையாகி நடுத்தகடு மிஞ்சிவிடும். அந்த மிச்சம் போக இடமில்லாமல் புடைத்துக்கொண்டு, கையால் அழுத்தினால் ‘டப்’ என்று உள்ளே போய் மறுபடியும் ‘டப்’ என்று வெளியே வரும். இப்படியான புடைப்பை வந்தபின் எடுப்பது பழகுபவருக்கு ஏறக்குறைய இயலாத காரியம். வராமல் தடுப்பதே வழி. 150 மில்லிமீற்றர் இடைவெளிக்கு ஒரு முறை 20 மில்லிமீற்றர் அளவு மட்டும், அதுவும் ஒரு பக்கத்தின் நடுவில் ஒன்று, எதிர்ப்பக்கத்தின் நடுவில் ஒன்று என்று மாறி மாறி ஒட்டி, ஒவ்வொன்றும் கை வைக்கும் அளவுக்கு ஆறிய பின் அடுத்ததற்குப் போகவேண்டும். தகடு பாரம் தாங்கவேண்டிய தேவை இல்லாவிட்டால் வெல்டிங்கையே விட்டுவிட்டு றிவெட் அடிப்பதை நான் பரிந்துரைப்பேன்.

காரணம் விளங்கிய பின் தடுக்கும் வழிகளைப் பார்ப்போம். இவற்றில் மிகவும் பயனுள்ளது, புதியவர்கள் மிகவும் குறைவாக மதிப்பதும் கூட, முழுதாக ஒட்டுவதற்கு முன் சிறு புள்ளிகளாக ஒட்டிப் பிடிப்பதாகும். வேலைத்தளங்களில் இதை டெக் வைத்தல் என்பார்கள். டெக் புள்ளியும் சுருங்கும், ஆனால் அதன் இழுப்பு சிறியது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டித் திருத்தலாம், பிழை பெரிதானால் கிரைண்டரால் வெட்டிவிடலாம். முழு வரி போட்டபின் அந்த வாய்ப்பு இல்லை.

செவ்வகச் சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு பார்களையும் தட்டையான தளத்தில் கிடத்தி, நான்கு மூலைகளிலும் மேல்முகத்தில் ஒவ்வொரு டெக் மட்டும் வைத்தபின் மூலைமட்டத்தை ஒதுக்கிவிட்டு நாடாவை எடுக்கவேண்டும். சிறிய மூலைமட்டம் மூலையருகே மட்டும் பேசும். மூலைவிட்டங்கள் முழுச் சட்டத்தையும் பற்றிப் பேசும். 600 மில்லிமீற்றருக்கு 800 மில்லிமீற்றர் சட்டமானால் இரண்டு மூலைவிட்டங்களும் 1,000 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். 900க்கு 1,200 என்றால் 1,500. ஒன்று 1,002 ஆகவும் மற்றது 998 ஆகவும் வந்தால், நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளி, வித்தியாசமான 4 மில்லிமீற்றரில் பாதியை, அதாவது 2 மில்லிமீற்றரை மட்டும் குறைக்கவேண்டும். மற்ற மூலைவிட்டம் அதே அளவு தானாகக் கூடிவிடும். இந்தப் பாதிக் கணக்கை அறியாமல் முழு வித்தியாசத்தையும் தள்ளிவிட்டு, மறுபக்கம் கோணியதைக் கண்டு திகைப்பவர்கள் பலர்.

அடுத்தது ஒழுங்கு. சரிவாக வெட்டிப் பொருத்திய பொக்ஸ் பார் மூலை ஒவ்வொன்றிலும் நான்கு வரிகள் உண்டு: மேல்முகம், கீழ்முகம், வெளிமூலை, உள்மூலை. வெளிமூலையில் இட்ட வரி சுருங்கும்போது மூலையை விரிக்கும்; உள்மூலையில் இட்ட வரி மூலையை ஒடுக்கும். மேல்முகத்து வரி சட்டத்தின் கைகளை மேல்நோக்கித் தூக்கும். கீழ்முகத்து வரி அதைத் திரும்ப இழுக்கும். ஒரு மூலையின் நான்கு வரிகளையும் முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போவதே மனிதருக்கு இயல்பான ஒழுங்கு. இரும்புக்கு அதுவே மிகக் கெட்ட ஒழுங்கு. ஒரு மூலையில் ஒரு வரி, பின் அதற்கு எதிர்மூலையில் அதே வரி, பின் மற்ற இரண்டு, பிறகு சட்டத்தைப் புரட்டி எதிர்முகத்து வரிகள் என்று சுற்றி வந்தால், ஒவ்வொரு இழுப்புக்கும் எதிரிழுப்பு ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்கும். எதிரெதிர் வரிகள் ஒன்றையொன்று முழுமையாகச் சமன்செய்துவிடும் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். முதலில் இட்ட வரி தளர்வான பொருளை இழுக்கிறது, பின்னர் இடும் வரியோ முன்னதால் இறுகிவிட்ட பொருளை இழுக்கவேண்டியிருக்கிறது. ஆகவே முதல் வரியின் கை ஓங்கியே இருக்கும். அதனால்தான் எல்லா மூலைகளுக்கும் போதிய டெக்குகளை முன்கூட்டியே வைத்து, பொருளை இறுக்கிவிட்டு முதல் வரியைத் தொடங்கச் சொல்வார்கள்.

நீண்ட ஒரே வரி தேவைப்படும் இடத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே ஓட்டமாகப் போகக்கூடாது. போனால் கத்தரிக்கோல் வாய்போல் முன்னாலுள்ள இடைவெளி மூடிக்கொண்டோ திறந்துகொண்டோ வரும். 50 மில்லிமீற்றர் அளவான துண்டுகளாகப் பிரித்து, வேலை இடமிருந்து வலமாக முன்னேறும்போது, ஒவ்வொரு துண்டையும் வலமிருந்து இடமாக ஒட்டி முந்தைய துண்டின் தொடக்கத்தோடு சேர்க்கவேண்டும். இதைப் பின்னோக்கி ஒட்டுதல் என்று சொல்லலாம். கைக்கு முதலில் அந்நியமாக இருந்தாலும், சுருக்கத்தைச் சிறு சிறு கூறுகளாகச் சிதறடிக்கும் இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது.

வெல்ட் தடிப்பாக இருந்தால் உறுதி கூடும் என்ற நம்பிக்கைதான் என் கேற்றைக் கெடுத்தது. அதைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். இரண்டு தகடுகள் செங்குத்தாகச் சந்திக்கும் மூலையில் இடும் வரி ஏறக்குறைய முக்கோண வடிவானது. அதன் பக்கம் 3 மில்லிமீற்றர் என்றால் குறுக்குப் பரப்பு 4.5 சதுர மில்லிமீற்றர். பக்கம் 6 மில்லிமீற்றர் என்றால் 18 சதுர மில்லிமீற்றர். பக்கம் இரட்டிக்கும்போது இடப்படும் உருகிய இரும்பு நான்கு மடங்காகிறது, சுருங்க முயலும் இரும்பும் அதே கணக்கில் பெருகுகிறது. 2 மில்லிமீற்றர் சுவருள்ள பாரில் 6 மில்லிமீற்றர் வரி இடுவதால் கிடைக்கும் உறுதி எதுவும் இல்லை, ஏனெனில் வரி உடைவதற்கு முன் அதனருகே பாரின் சுவரே கிழிந்துவிடும். சேர்க்கும் இரண்டில் மெல்லியதன் தடிப்பளவு வரியின் பக்கம் இருந்தால் வீட்டு வேலைகளுக்குப் போதுமானது. பொருத்தம் சரியில்லாமல் 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு வெட்டியவர், அந்த இடைவெளியை நிரப்பவே தேவைக்கு மேற்பட்ட இரும்பை ஊற்றவேண்டியிருக்கும். ஆகவே கோணலைக் குறைக்கும் வேலை வெட்டும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. வெட்டிய முனையை அரத்தாலோ கிரைண்டராலோ இன்னும் 5 நிமிடம் சீர்செய்து பொருத்துவது, பின்னர் செலவாகும் அரைநாளை மிச்சப்படுத்தும்.

சூட்டின் கணக்கிலும் புதியவர்கள் தவறாக நினைக்கும் ஒன்று உண்டு. அம்பியரைக் குறைத்தால் சூடு குறையும் என்று எண்ணி, 2.5 மில்லிமீற்றர் ரொட்டை 55 அம்பியரில் வைத்துக்கொண்டு, அது சரியாக உருகாததால் ஆமை வேகத்தில் நகருவார்கள். இரும்பின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் இறங்கும் சூட்டை மின்னோட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கை நகரும் வேகமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. 80 அம்பியர், 23 வோல்ட் என்றால், ரொட்டின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்வில்லில் 1,840 வாட் வெளிப்படும். நிமிடத்துக்கு 150 மில்லிமீற்றர் நகர்ந்தால் ஒரு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 740 ஜூல் கிடைக்கும், வேகம் பாதியானால் அது இருமடங்காகும். மின்னோட்டத்தைப் போதிய அளவு வைத்து, தயங்காமல் சீராக நகர்ந்து, ரொட்டை இருபுறமும் அகலமாக ஆட்டாமல் மெல்லிய வரியாக முடிப்பவரின் வேலையே குறைவாகக் கோணும். இதில் கொழும்பின் காற்றுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கடலோர ஈரப்பதனில் திறந்து வைத்த ரொட்டின் பூச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பின்னர் மின்வில் நிலையாக நில்லாமல் தெறிக்கும், நாம் அதே இடத்தில் மறுபடியும் மறுபடியும் ஒட்டுவோம், சூடு மேலும் மேலும் சேரும். வாங்கிய பெட்டியைப் பிரித்ததும் ரொட்களைக் காற்றுப்புகாத நீண்ட டப்பாவில் மூடிவைப்பதும், ஒட்டும் இடத்தில் படிந்த துருவைப் பளபளக்கும் வரை தேய்த்தெடுப்பதும் இந்த ஊரில் கட்டாயம்.

மெல்லிய பாரில் ஓட்டை விழுவதும் இதே சூட்டுத் தேக்கத்தால்தான். 1.2 மில்லிமீற்றர் சுவரில் தொடர்ந்து வரி போட்டால் சூடு ஓடிப்போக இரும்பே போதாது. 2 மில்லிமீற்றர் ரொட், 45 முதல் 50 அம்பியர், ஒரு வினாடி ஒட்டி நிறுத்தி, சிவப்பு அடங்கியதும் அதன் விளிம்பில் அடுத்த புள்ளி என்று போவது மெதுவான வழியானாலும் நம்பகமானது. பின்புறம் எட்டக்கூடிய இடமானால் தடித்த செப்புத் துண்டு ஒன்றை அணைத்துப் பிடித்துக்கொள்ளலாம். செப்பு உருக்கைவிடப் பலமடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், உருகிய இரும்பு அதில் ஒட்டிக்கொள்வதும் இல்லை.

பொருளைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் கோணாது என்பது பாதி உண்மை. கிளாம்ப் கோணலை வெகுவாகக் குறைக்கும். சுருக்கத்தை இல்லாமற் செய்யாது. வளைய முடியாத இழுப்பு இரும்புக்குள்ளேயே இறுக்கமாகத் தங்கிவிடும். சூடாக இருக்கும்போதே கிளாம்பைக் கழற்றினால் அது தன் வேலையைக் காட்டிவிடும். முற்றாக ஆறிய பிறகே கழற்றவேண்டும், அப்போதும் சிறிதளவு திரும்பும் என்பதை எதிர்பார்த்திருக்கவேண்டும். இறுக்கிப் பிடிப்பதற்கு அடியிலுள்ள தளம் பொருளைவிடத் திடமானதாக இருப்பது முக்கியம். மருதானைப் பக்கம் பஞ்சிகாவத்தையில் பழைய பொருட்கள் விற்கும் கடைகளில் தேடினால் தடித்த தகட்டுத் துண்டோ கனமான ஐ வடிவப் பாரோ கிடைக்கக்கூடும். புதிய கருவிகள் பல வாங்குவதைவிட அத்தகைய ஒரு தளம் பழகுபவருக்கு அதிகம் பயன்படும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரே மாதிரியான இரண்டு சட்டங்கள் செய்யவேண்டியிருந்தால், இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்துக் கிளாம்ப் போட்டு மாறி மாறி ஒட்டலாம். ஒன்றின் கோணலை மற்றது தடுத்துக்கொள்ளும். தடுக்கவே முடியாத இடத்தில், எதிர்த்திசையில் முன்கூட்டியே சாய்த்துவைத்து ஒட்டினால், சுருக்கமே பொருளை நேராக்கிவிடும். எவ்வளவு சாய்ப்பது என்பதை மீதித் துண்டுகளில் ஒரு முறை ஒட்டி அளந்து பார்த்துத்தான் அறியமுடியும்.

அளப்பதைப் பற்றி இன்னொன்று. கொழும்பு வெயிலில் கிடந்த கறுத்த பார் 60 பாகைக்கும், நிழலில் இருந்தது 30 பாகைக்கும் வந்திருந்தால், 6 மீற்றர் நீளத்தில் 2 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் காட்டும். முற்றத்தில் காய்ந்த ஒன்றையும் அறைக்குள் இருந்த ஒன்றையும் ஒரே அளவில் வெட்டினால் அவை ஒரே அளவாக இரா. எல்லாவற்றையும் சில மணிநேரம் ஒரே நிழலில் வைத்துவிட்டு அளக்கவேண்டும்.

சமையலறைக்குத் தட்டு செய்ய விரும்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் போகிறவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்கவேண்டும். பரவலாகப் புழங்கும் 304 வகை, மென்னுருக்கைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். சூட்டைக் கடத்தும் திறனோ மென்னுருக்கின் மூன்றிலொன்று அளவே. சூடு ஓரிடத்தில் தேங்கி, தேங்கிய இடம் அதிகமாக விரிய முயல்வதால் கோணலும் அதிகம். டெக்குகளை இருமடங்கு நெருக்கமாக வைப்பது நல்லது.

எல்லாம் செய்தும் கோணிவிட்டால், கோணவைத்த அதே விதியைக் கொண்டே நிமிர்த்தலாம். பார் எந்தப் பக்கம் குழிந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், அதாவது புடைத்த பக்கம், நீளமாக இருக்கிறது. அந்தப் புடைப்பின் உச்சியில் ஒரு விரலகலத்துக்கு மட்டும் மங்கிய சிவப்பு வரும்வரை, ஏறத்தாழ 600 முதல் 650 பாகை வரை சூடாக்கி ஆறவிட்டால், அந்த இடம் அமுங்கிப் பின் குட்டையாகி, பாரை நிமிர இழுக்கும். கேஸ் சுடர் இல்லாதவர் புடைத்த முகத்தில் ஒரு குறுகிய வெல்ட் வரியை இட்டு, ஆறியபின் கிரைண்டரால் மழித்துவிடலாம். பாஸ் என் கேற்றை அப்படித்தான் நிமிர்த்தினார். பிணைச்சல்களுக்கு நேரெதிரே, சட்டத்தின் உள்முகத்தில் மூன்று குறுவரிகள் போட்டு, ஒவ்வொன்றும் ஆறும்வரை தேநீர் குடித்தபடி காத்திருந்து, நூல் பிடித்துப் பார்த்துவிட்டே அடுத்ததை இட்டார். மங்கிய சிவப்பு நண்பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்று மேலும் மேலும் சூடாக்கிவிடுவோம். இந்த வேலையை நிழலில் அல்லது மாலையில் செய்யவேண்டும்.

நாகம் (துத்தநாகம்) பூசிய குழாய்களில் இப்படிச் சூடாக்குவதற்கோ ஒட்டுவதற்கோ முன்னர், அந்த இடத்துப் பூச்சைச் சுற்றிலும் நன்றாகத் தேய்த்து அகற்றிவிட வேண்டும். நாகம் 420 பாகையில் உருகி 907 பாகையில் கொதிப்பதால், வெல்டிங் சூட்டில் வெண்புகையாக எழும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணிநேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். பால் குடித்தால் தடுக்கலாம் என்று வேலைத்தளங்களில் சொல்வது உண்மையல்ல; பூச்சை அகற்றுவதும், காற்றோட்டமான இடத்தில் புகைக்குத் தலையைக் கொடுக்காமல் நிற்பதும், உலோகப் புகைக்குரிய முகக்கவசம் அணிவதுமே பாதுகாப்பு. அதுபோலவே, நம் ஊர்ப் புழுக்கத்தில் கையுறை வியர்வையால் நனைந்துவிட்டால் உலர்ந்த இன்னொரு சோடியை மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஒட்டாமல் நிற்கும் வேளையில் ரொட் பிடியில் 60 முதல் 80 வோல்ட் வரை இருக்கும், ஈரத்தோல் அதை எளிதாக உள்ளே விடும்.

இவற்றையெல்லாம் ஒரு பொருள் செய்து கெடுத்துத்தான் கற்கவேண்டும் என்பதில்லை. பழைய சோனகத் தெருவில் இரும்புக் கடைகளில் 25 மில்லிமீற்றர் அகலமும் 6 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள பட்டை இரும்பு வாங்கி, 300 மில்லிமீற்றர் துண்டு ஒன்றை வெட்டி, அதன் நீளத்தையும் நேர்த்தன்மையையும் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒடுங்கிய விளிம்பு ஒன்றில் மட்டும், வேறெதனோடும் இணைக்காமல், 200 மில்லிமீற்றர் நீளத்துக்கு ஒரு வரி இட்டு ஆறவிடுங்கள். நேர்விளிம்பு வைத்துப் பார்த்தால் வரி இட்ட பக்கம் குழிந்திருப்பது தெரியும். குழிவின் ஆழத்தை, இடைவெளியில் செருகி அளக்கும் மெல்லிய தகடுகளான தகட்டளவியால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எதிர்விளிம்பில் அதே அம்பியரில், அதே நீளத்துக்கு, அதே வேகத்தில் இன்னொரு வரி இட்டு மீண்டும் அளந்து பாருங்கள். வளைவு வெகுவாகக் குறைந்திருக்கும், ஆனால் பெரும்பாலும் முதல் வரியின் பக்கம் சிறிதளவு எஞ்சியிருக்கும். கடைசியாகத் துண்டின் நீளத்தையும் அளந்து, தொடக்கத்தில் குறித்ததோடு ஒப்பிடுங்கள்.